வயர்லெஸ் நெட்வொர்க்கிங் அறிமுக நூலை எப்படி எடைபோடுவது?

வயர்லெஸ் டேட்டா நெட்வொர்க்கிங்கை அடிப்படையிலிருந்து படிக்க மூன்று மாதமாகப் புத்தகம் தேடுகிறேன், ஒன்றும் சரியாக அமையவில்லை. ஐபி முகவரி, சப்நெட், ஸ்விட்ச் வரை தெரியும். ரேடியோ பக்கம் சுத்தமாகத் தெரியாது.

இதுவரை மூன்று பார்த்தாயிற்று. முதலாவது 2001-இல் வந்தது, 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் 11 மெகாபிட் வேகத்தையே பெரிதாகப் பேசுகிறது, பாதுகாப்பு என்றால் WEP என்ற பழைய குறியாக்க முறை மட்டும்தான் (அதை உடைத்தே பல வருடம் ஆயிற்று!). ஆனால் ஒரே ஆக்சஸ் பாயின்ட்டோடு (வைஃபை இணைப்பு தரும் பெட்டி) பேசும் இரண்டு கருவிகள், ஒன்றின் சிக்னல் மற்றதற்குக் கேட்காததால் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்வதை இவ்வளவு தெளிவாக வேறெதிலும் பார்க்கவில்லை. அடுத்தது புதுசு, வைஃபை 6 வரை இருக்கிறது, பாதிப் பக்கம் ரூட்டர் அமைப்புத் திரையின் படங்கள்தான், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களையே போடு என்கிறது, ஏன் என்று ஒரு வரி இல்லை. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான், சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதனால் பக்கத்துச் சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதை வேறெங்கோ தேடித்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவதில் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஃபூரியர் கணிதம் (சிக்னலை அலைகளாகப் பிரிப்பது) வந்துவிட்டது, மூடி வைத்துவிட்டேன்.

பொருளடக்கம், வெளியான ஆண்டு, விமர்சனம் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன், அப்படியும் இந்த நிலை.

வாங்குவதற்கு முன் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் புரட்டிப் பார்க்கலாம் என்றால், எதைப் படித்து அந்தப் புத்தகம் தேறுமா என்று முடிவு செய்வீர்கள்?