காந்தல் வீட்டுக் குடும்பம்: பிளக்ஸ்ல எந்தக் குதிரை?

சேகர் சித்தப்பா: பிளக்ஸ்காரன் 5 மணிக்குள்ள மேட்டர் கேக்கறான். அப்பா போட்டோ ஒரு பக்கம், கூடத்துல மாட்டியிருக்கற குதிரை ஒரு பக்கம். கீழ ‘நீலகிரி டெர்பி ஜெயித்த குதிரையை வளர்த்தவர்’. சரியா?

பெரியம்மா: 🙏

மல்லிகா அத்தை: மங்கி குல்லா போட்ட போட்டோ வேண்டாம்

திவ்யா: பதினாறாம் நாளுக்கு கோயமுத்தூர்ல இருந்து வர்றவங்க இ-பாஸ் இப்பவே எடுத்துடுங்க. கல்லாறுல நிறுத்துவாங்க

கார்த்தி: சித்தப்பா, அந்தக் குதிரை ஊட்டிக்கு வந்ததே இல்ல. அது செக்ரடேரியட்னு ஒரு ரேஸ் குதிரை. அமெரிக்கா, 1973. முகத்துல மாட்டின துணியில நீலமும் வெள்ளையுமா கட்டம் இருக்குல்ல, அது அந்தக் குதிரையோட லாயம், மெடோ ஸ்டேபிளோட நிறம்.

சேகர் சித்தப்பா: அப்பா லாயத்துல இருந்த குதிரைடா அது. நான் சின்ன வயசுல பாத்திருக்கேன்

மல்லிகா அத்தை: நீ பாத்தது கறுப்பு. இது செவலை

கார்த்தி: 1973ல அமெரிக்காவோட மூணு பெரிய ரேஸையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சது. அதுக்கு முன்னாடி 1948ல சைட்டேஷன்னு ஒரு குதிரை ஜெயிச்சது, நடுவுல 25 வருஷம் எந்தக் குதிரையாலயும் முடியல. அந்த மூணுல ஒண்ணான கென்டக்கி டெர்பில ரெண்டு கிலோமீட்டர், 1 நிமிஷம் 59.4 செகண்ட். ஒவ்வொரு கால் மைலையும் முந்தின கால் மைலை விட வேகமா ஓடியிருக்கு. பொதுவா குதிரை கடைசில தளரும், இது கடைசில ஏறிருக்கு! ஜூன் 9, மூணாவது ரேஸ் பெல்மான்ட்ல 31 லெங்த். அதாவது ரெண்டாவது வந்த குதிரைக்கும் இதுக்கும் நடுவுல 31 குதிரையை வரிசையா நிறுத்தலாம். 2 நிமிஷம் 24 செகண்ட். அந்த நேரத்தை இன்னும் யாரும் உடைக்கல.

திவ்யா: 31ஆ

மேட்டுப்பாளையம் ரவி: எனக்கு இ-பாஸ் வரமாட்டேங்குது

சேகர் சித்தப்பா: அமெரிக்கக் குதிரைய அப்பா எதுக்கு மாட்டினார். அதுல காசு கட்டினாரா

மல்லிகா அத்தை: அப்பா ரேஸ்ல ஒரு பைசா கட்டினதில்ல. கட்டினது யாருன்னு அம்மாவோட வளையலைக் கேளு

சேகர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: காரியம் முடியற வரைக்கும் இது வேண்டாம் 🙏

கார்த்தி: தாத்தா ஏன் மாட்டினார்னு எனக்குத் தெரியும். சீசனுக்கு வந்த டிரெயினர் ஒருத்தர் கொடுத்த இங்கிலீஷ் பத்திரிகையில இருந்து வெட்டினது. தாத்தா விரல் வெச்சுக் காட்டுவார், பக்கத்துல கயிறு பிடிச்சிருக்கற கறுப்பு மனுஷனை. எடி ஸ்வெட். செக்ரடேரியட்டோட குதிரைக்காரர். தாத்தா பாத்த அதே வேலை. விடியக்காலைல தேச்சு விடறது, கால் கட்டறது, வயத்து வலின்னா ராத்திரி முழுக்க பக்கத்துலயே இருக்கறது. ஓனர் பென்னி சென்னரி, டிரெயினர் லூசியன் லாரின், ஜாக்கி ரான் டர்காட், இந்தப் பேரெல்லாம் ரெக்கார்டுல எழுதியிருக்கும். ஊட்டில தாத்தா பேரு எந்தப் புத்தகத்துல இருக்கு? ஆனா இந்த ஸ்வெட்டுக்கு கென்டக்கில குதிரையோடயும் ஜாக்கியோடயும் சேத்து சிலையே வெச்சிருக்காங்க. தாத்தாவுக்கு அதைச் சொன்னப்ப ரெண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

மல்லிகா அத்தை: இது எனக்கு யாரும் சொல்லல

பெரியம்மா: எனக்கு ஞாபகம் இருக்கு. ‘நம்மாளுடி’ன்னார்

மேட்டுப்பாளையம் ரவி: அந்தக் குதிரை தோத்ததே இல்லையா

கார்த்தி: தோத்திருக்கு மாமா. 21 ஓடி 16 ஜெயிச்சது. முதல் ரேஸ்லயே வேற குதிரை இடிச்சதுல நாலாவதா வந்தது. மூணு பெரிய ரேஸையும் ஜெயிச்ச அப்புறம் ஆகஸ்ட்ல ஆனியன்னு ஒரு குதிரைகிட்ட தோத்தது.

திவ்யா: வெங்காயமா 😂 வெங்காயம்னதும் ஞாபகம் வருது, சாம்பாருக்கு சின்ன வெங்காயம் யாரு உரிக்கறீங்க

கார்த்தி: பெல்மான்ட் அன்னைக்கு அது மேல கட்டி ஜெயிச்ச டிக்கெட்ல 5,617 டிக்கெட்டுக்குக் காசு வாங்கவே இல்ல. ஞாபகத்துக்கு வெச்சுக்கிட்டாங்க. 1989 அக்டோபர் 4ல குளம்பு நோய் முத்தி, வலி தாங்காம இருந்ததை ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. வயசு 19.

சேகர் சித்தப்பா: சரிடா. பிளக்ஸ்ல என்ன போடறது அதைச் சொல்லு

மல்லிகா அத்தை: குதிரை வேண்டாம். ரேஸ்கோர்ஸ் கேட் முன்னாடி அப்பா நிக்கற போட்டோ போடலாம். 2024ல அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ அந்தக் கேட் வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தார்

சேகர் சித்தப்பா: அந்த போட்டோ யார்கிட்ட இருக்கு

மல்லிகா அத்தை: உன்கிட்டதான். பீரோ சாவியோட சேத்து நீ எடுத்துட்டுப் போன

கார்த்தி: டெர்பி வரி மட்டும் வேண்டாம் சித்தப்பா. ‘குதிரைகளைத் தன் பிள்ளைகளாகப் பார்த்தவர்’னு போட்டா போதும். அது உண்மை.

பெரியம்மா: எங்களை விட நல்லாப் பாத்தார்

சேகர் சித்தப்பா: ரெண்டு டிசைன் போடச் சொல்றேன். பாத்துட்டுச் சொல்லுங்க

திவ்யா: வாழை இலைக்கு மார்க்கெட் யார் போறாங்க

மல்லிகா அத்தை: மாமா போவார்

மேட்டுப்பாளையம் ரவி: எந்த மாமா