இரும்புத் தலையோடு பட்ட பாட்டை இங்கே கொட்டுங்கள்

ஒற்றை ஊசி:

நானே தொடங்குகிறேன். மனத்துக்குள் வைத்துப் புழுங்க முடியவில்லை.

சிங்கர் 29கே71, செருப்பும் பையும் பழுது பார்த்துத் தைக்கிற மெஷினின் தலை, அதாவது மேசையும் காலும் இல்லாத இரும்பு உடல். ஈரோட்டில் ஒரு பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கினேன். "ஜெர்மன் இரும்பு" என்றார் கடைக்காரர். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, கழற்றி, துடைத்து, பூட்டிய பிறகு ஒரு விரலால் தள்ளினாலே சக்கரம் சுற்றியது. தைப்பதை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் திருப்பினால் முழு வட்டமும் வந்தது. துணியைத் திருப்ப வேண்டாம், பாதத்தைத் திருப்பினால் போதும் என்று வீட்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மெஷினின் மேலே நீண்டிருக்கிற கையின் நுனியில் ஒரு திருகு மட்டும் இல்லை. போல்ட் கடையில் நான்கு மில்லிமீட்டர் திருகு ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் இரண்டு சுற்று வெண்ணெய் போல் போனது. மூன்றாவது சுற்றில் இறுகியது. உள்ளே துரு இருக்கும், அதுதான் தடுக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்தினேன். பல்லி சொன்னது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். விரலில் சாம்பல் நிறத்தில் தூள், மடியில் புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு. கை நுனியில் மூக்கின் விளிம்பு போய்விட்டது. எழுபது வருடம் செருப்புத் தைத்த இயந்திரம், என்னிடம் வந்து பதினோரு நாள் தாங்கவில்லை.

அந்தத் துண்டைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

எண்ணெய்க் குடுவை:

முதலில் ஒரு திருத்தம். அது ஜெர்மன் இரும்பு இல்லை. "கே" என்றால் கில்போவி. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த சிங்கர் ஆலை. 1980இல் மூடிவிட்டார்கள். இரண்டாவது, சிங்கர் திருகின் மரை அவர்களுடைய சொந்தக் கணக்கு. மில்லிமீட்டர் திருகு வாயில் நுழையும், தொண்டையில் சிக்கும். விரலால் முடுக்க முடியாத திருகைத் திருப்புளியால் முடுக்கக் கூடாது. இதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. வாணியம்பாடியில் ஒருவரிடம் சிங்கர் 45கே மெஷின் வாங்கினேன். மார்கழி காலையில் போய்ப் பார்த்தால் சக்கரம் அசையவே இல்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகச் சுற்றியது. உள்ளே முழுக்கத் தேங்காய் எண்ணெய்! உறைந்து கிடந்திருக்கிறது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றையும் முதலில் குச்சியில் பஞ்சு சுற்றித் துடையுங்கள். பாதித் துளைகளில் எண்ணெய் போகாது, மேலே பெயின்ட் அடைத்திருக்கும். பிறகு மண்ணெண்ணெய், பிறகு ஒரு நாள் சும்மா விடுங்கள், பிறகுதான் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் நிறமில்லாத மெல்லிய கனிம எண்ணெய். துளைக்கு ஒரு சொட்டு, கையால் இருபது சுற்று, மறுபடி ஒரு சொட்டு. வண்டி எஞ்சின் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்த் துளையில் கிரீஸ் கூடவே கூடாது. பல்சக்கரத்துக்கு மட்டும் கிரீஸ். முடித்ததும் வேண்டாத தோல் துண்டில் நூல் கோக்காமல் ஒரு கஜம் ஓட்டுங்கள், வடிகிற எண்ணெயை அது குடித்துவிடும். இல்லாவிட்டால் முதல் வாடிக்கையாளரின் வெளிர் நிறப் பையில் கறை விழும். ஊசித்தண்டைத் துடைக்காமல் எழுந்து போகிறவர்கள் பாவம் செய்தவர்கள்.

தொண்ணூறடி ரோடு:

தாராவியில் சித்தப்பாவின் பட்டறை. அவரும் எங்கள் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். 29கே நீளக் கை. அடிநூல் பாபினை வைக்கிற ஷட்டிலின் முனை உடைந்துவிட்டது, தையல் தாண்டித் தாண்டிப் போனது.

சோர் பஜாரில் ஒரு தகர டப்பா நிறைய ஷட்டில் இருந்தது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சின்ன பாபின் தலைக்கு ஒன்று, பெரிய பாபின் தலைக்கு வேறொன்று. ஒன்று மற்றதில் உட்காராது. ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து கடைசியில் புதிதாகச் செய்த நகல் ஒன்றை வாங்கினோம். உட்கார்ந்தது, ஆனால் உரசியது. சக்கரம் பாதி சுற்றி நின்றது.

சித்தப்பா அதைக் கழற்றி மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டினார். கருத்துவிட்டது. மறுபடி உள்ளே வைத்து ஒரே ஒரு முறை மெல்ல அசைத்து வெளியே எடுத்தார். கருப்பின் மேல் இரண்டு இடத்தில் மட்டும், எறும்பு நடந்தது போலப் பளபளப்பு. அந்த இரண்டு இடத்தை மட்டும் எண்ணெய்க் கல்லில் தேய்த்தார். மறுபடி புகை, மறுபடி உள்ளே, மறுபடி கல். மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தவர் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. இடையில் எனக்கு அலுத்துப்போய், "அரம் போட்டால் அஞ்சு நிமிஷம்தானே சித்தப்பா" என்றேன். பதில் சொல்லவில்லை. கல்லை என்னிடம் நீட்டினார். நான் நான்கு இழுப்பு இழுத்தேன்.

அந்த நான்கில் ஒன்று அதிகம். இன்றும் அந்த மெஷினில் அடிநூல் ஒரு பக்கம் லேசாகத் தளர்ந்துதான் விழுகிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தைக்கும்போது எனக்கு மட்டும் தெரிகிறது.

பேர்ணாம்பட்டு:

குடுவை ஐயா, தேங்காய் எண்ணெய் போட்டவர்களைப் பாவிகள் வரிசையில் சேர்க்காதீர்கள். செருப்புத் தைப்பவர் வீட்டில் இருக்கிற எண்ணெயைத்தான் ஊற்றுவார். எண்ணெயே காணாத தலை தேய்ந்து போகும், உறைந்த தலை வெயிலில் இளகும். எது மேல்? நான் இருபத்தாறு வருடம் ஆம்பூர்ப் பக்கம் ஷூ ஆலைகளில் மெக்கானிக்காக இருந்தவன். காய்ந்த தலைகளைத்தான் அதிகம் புதைத்திருக்கிறேன்.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது வேறு. ஆலையில் போஸ்ட் பெட் தலைகள் நாற்பது இருந்தன. ஷூவின் மேல்பகுதி தைப்பது, தூண் மேல் ஊசி இறங்குவது, பார்த்தவர்களுக்குத் தெரியும். புது மெஷின் வந்ததும் பழையவற்றை எடைக்குப் போட்டார்கள். நிர்வாகத்தின் முடிவு. லாரி ஏற்றியபோது நான் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பழைய இரும்புக்கடைக்குப் போனேன், ஊசி நூலைப் பிடிக்கிற கொக்கி, நான்கைந்து ஹூக்காவது கேட்டு வாங்கலாம் என்று.

வார்ப்பிரும்பை உலைக்கு முழுசாக அனுப்ப மாட்டார்கள், உடைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரு பையன் சம்மட்டியோடு நின்றான். முதல் அடியில் தலை உடையாது. மணி அடித்தது போல ஒலிக்கும், கழுத்தில் விழுகிற இரண்டாவது அடியில்தான் ஒலி செத்துப்போகும். எனக்கு அந்த ஒலி எண்ணிக்கையாகக் காதில் விழுந்தது: மணி, சத்தம், மணி, சத்தம். "அஞ்சு நிமிஷம் தர்றேன், எடுத்துக்கோங்க" என்றார் முதலாளி, நல்ல மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்னத் திருப்புளியால் இரண்டு ஹூக்கைக் கழற்றினேன். மூன்றாவதாகக் கையில் பட்டது பதினேழாம் எண் தலை. அடியில் நான்தான் ஆணியால் கீறி எண் போட்டிருந்தேன். அதன் திருகு அசையவில்லை. நான் இறுக்கிய திருகு! அவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறேன்.

பையன் சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு பொறுமையாகத்தான் காத்திருந்தான்.

பைக்காரி:

எல்லோரும் தேய்ந்ததைப் பற்றிச் சொல்கிறீர்கள், நான் புத்தகத்தை நம்பிக் கெட்டவள்.

பாஃப் 545 தையல் மெஷின், சென்னையில் ஒரு பை தைக்கும் கூடம் மூடியபோது வாங்கியது. கையேட்டில் 134-35 ஊசி என்று இருக்கிறது. பெரியமேட்டில் தேடி அதே இனத்தில், தோல் முனையோடு, 140 தடிமன், பத்து ஊசி கொண்டுவந்தேன். முதல் ஊசி ஒரு அங்குலம் தைத்தது, பிறகு தாண்டல். இரண்டாவது ஊசி "டக்" என்று முறிந்து கண்ணாடியில் பட்டது. கண்ணாடி என்றால் நான் போட்டிருந்த கண்ணாடி. ஹூக்கைக் குறை சொன்னேன், நூலைக் குறை சொன்னேன், நூல் விற்றவரைக்கூடத் திட்டினேன். நான்கு ஊசி போனது.

மெஷினோடு வந்த இழுப்பறையை ஒரு நாள் தலைகீழாகக் கவிழ்த்தேன். சாக்குத் துண்டுக்கு நடுவே பழைய ஊசி ஒன்று. என் புது ஊசியோடு உள்ளங்கையில் சேர்த்து வைத்துப் பார்த்தால், பழையது குட்டை. 135-16. யாரோ ஒரு மெக்கானிக், எளிதில் கிடைக்கிற ஊசிக்காக, ஊசித்தண்டை இறக்கி ஹூக்கை அதற்கு ஏற்றாற்போல் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம் அந்தப் புண்ணியவான். குட்டை ஊசியைப் போட்டேன், அந்த நிமிடமே தைத்தது.

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. இப்போது பலகையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

எண்ணெய்க் குடுவை:

பைக்காரி அம்மா, அதை அப்படியே விட்டது தவறு. கையேட்டில் சொன்ன நிலைக்கு மறுபடி கொண்டுவர வேண்டும். ஊசி கீழ்ப்புள்ளியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு ஏறும்போது ஹூக்கின் முனை ஊசியின் நடுவுக்கு வர வேண்டும், கண்ணுக்குச் சற்று மேலே. முதலில் ஊசித்தண்டின் உயரம், அப்புறம்தான் ஹூக். மாற்றிச் செய்தால் இரண்டும் போகும். ஊசித்தட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஹூக் முனைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி போதும். பாதுகாப்புத் தகடு ஊசியைத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். இத்தனையும் செய்தால் 134-35 ஓடும்.

பேர்ணாம்பட்டு ஐயாவுக்கு: உறைந்த எண்ணெய் வெயிலில் இளகும், சரி. அதில் சேர்ந்த தோல் தூசி எங்கே போகும்?

பைக்காரி:

ஓடுகிறது என்றுதானே எழுதினேன். நான் கேட்கவே இல்லையே, ஐயா.

திண்டுக்கல் முனை:

அப்பா பஸ் நிலையத்துக்கு வெளியே கடை. செருப்பு, பை, ஜிப், எல்லாம் ஒரே 29கே. வரவரத் தையல் நெருங்கிக்கொண்டே போனது. தையல் அளவுத் திருகைக் கடைசி வரைக்கும் திறந்து வைத்தும் இன்ச்சுக்கு ஒன்பது தையல். தோலில் ஊசி துளை மேல் துளையாகப் போட்டால் தபால் தலை மாதிரிக் கிழியும், உங்களுக்குத் தெரியும்.

பாதத்துக்கு அசைவு கொடுக்கிற வளைந்த நெம்புகோல் இருக்கிறதே, அதன் நுனி. எத்தனை லட்சம் தடவை இடித்திருக்கும், அதில் ஒரு குழி விழுந்திருந்தது. புதுப் பாகம் கேட்டு லூதியானா வரைக்கும் போன் போட்டேன். அனுப்பிய நகல் துளையில் ஆடியது. கடைசியில் ஊரிலேயே ஒரு லேத் பட்டறையில் நுனிக்குப் பித்தளைப் பற்று வைத்து, அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் ஒரு பழைய காலண்டர் அட்டையில் நூல் கோக்காமல் தைத்துப் பார்த்தேன். பத்துத் தையலுக்கு அளவுகோல் வைத்தால் ஐந்து சென்டிமீட்டர்! இன்ச்சுக்கு ஐந்து தையல். அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அப்பாவிடம் காட்டினேன், துளை ஒவ்வொன்றிலும் வெயில்.

அவர் வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாள் கடைக்குப் போனேன். தையல் அளவுத் திருகைக் குறைத்து வைத்திருந்தார், ஏறக்குறைய பழைய அளவுக்கே. கேட்டதற்கு, "பெருசா விழுந்தா என் கைக்கு வளைவு புரியல" என்றார். இருபது வருடம் அந்தச் சின்னத் தையலுக்குப் பழகிய கை. பட்டறைக்குக் கொடுத்த காசைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.

பேர்ணாம்பட்டு:

குடுவை ஐயா, தோல் தூசி எங்கே போகும் என்று கேட்டீர்கள். நானே இருபத்தாறு வருடம் அதைச் சுவாசித்திருக்கிறேன், எங்கேயும் போகாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஒற்றை ஊசி, தீப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். உடைந்த விளிம்பைத் தொடாமல் விடுங்கள், வெல்டிங் கடைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். சூடேற்றாமல் வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் மூக்கு முழுவதும் விரிசல் ஓடும். துளையைப் பெரிதாக்கி உள்ளே பித்தளையில் ஒரு சிறு குழல் இறுக்கி, அதில் சிங்கர் மரை போட வேண்டும். அந்த மரையை வெட்டுகிற டேப் கருவி என்னிடம் ஒன்று இருக்கிறது, பல் ஒன்று போயிருந்தாலும் வெட்டும். திருகும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது, எது எதற்கு என்று பிரித்து வைக்கவில்லை.

ஒற்றை ஊசி:

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? தலை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது, பஸ்ஸில் ஏற்றுவார்களா தெரியவில்லை.

பேர்ணாம்பட்டு:

தலை எதற்கு? கையை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள். கழற்றும்போது திருகுகளை விரலால் ஆரம்பியுங்கள்.