பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கினால் பிபிஏ ஒழியுமா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

தொட்டிக்காரன்:

நேற்று ஒரு தம்பி செடி வளர்க்கும் தன் இரண்டடி மீன்தொட்டியின் படத்தைப் போட்டு உதவி கேட்டிருந்தார். அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலை ஓரமெல்லாம் கறுகறுவென்று தாடி. பிபிஏ, அதாவது கருந்தாடிப் பாசி. அதற்கு நம் வேதி_வாத்தியார் எழுதிய வைத்தியம்: "பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்குங்கள், பாசி பட்டினி கிடந்து சாகும்." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாசி பட்டினி கிடந்தால் பக்கத்தில் இருக்கும் செடி மட்டும் விருந்தா சாப்பிடும்?

என் தொட்டி 100 லிட்டர். உரக்கடையில் 0-52-34 என்று கேட்டு மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் வாங்கி வைத்திருக்கிறேன். நகை எடை போடும் குட்டித் தராசில் 0.14 கிராம் நிறுத்து வாரத்துக்கு மூன்று முறை போடுகிறேன். ஒவ்வொரு முறையும் 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பேட் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீர் மாற்றம். மூன்று வருடமாக ஒரு முடி பிபிஏ கிடையாது. பாஸ்பேட்தான் குற்றவாளி என்றால் என் தொட்டி இந்நேரம் சடாமுடிச் சாமியாராக ஆகியிருக்க வேண்டும்.

வேதி_வாத்தியார்:

என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்டதற்கு முதலில் நன்றி. நான் "பூஜ்யமாக்குங்கள்" என்று எழுதவில்லை. "பூஜ்யத்துக்கு அருகில்" என்றுதான் எழுதினேன். 1996-லேயே செடித்தொட்டி வளர்த்த சியர்ஸ், கான்லின் இருவரும் இதை எழுதிவிட்டார்கள். நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் செடிக்குக் கொடு, பாஸ்பேட்டை மட்டும் இழுத்துப் பிடி, பாசி அடங்கும். என் தொட்டியில் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் கிடையாது, சீமை உரம் கிடையாது, விளக்கு ஆறு மணி நேரம்தான். ஃபில்டரில் பாஸ்பேட்டை உறிஞ்சும் அந்தத் துருநிறக் குருணை மட்டும் இருக்கிறது. 11 வருடமாகச் சுத்தம்.

தொட்டிக்காரன்:

"பூஜ்யமாக்குங்கள்" என்றுதான் இருந்தது சார். இன்று காலை 7 மணிக்கு "அருகில்" என்று திருத்தியிருக்கிறீர்கள். திருத்தப்பட்டது என்று கீழேயே சின்ன எழுத்தில் காட்டுகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

1996 கதையை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? அதற்கப்புறம் செடித்தொட்டி நிபுணர் டாம் பார் வந்து, பாஸ்பேட்டைத் தாராளமாகப் போட்டுக் காட்டி, செடி நன்றாக வளர்ந்தால் பாசி வராது என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டார். உலகமே கேட்டது. வாத்தியார் மட்டும் அன்று லீவு போலிருக்கிறது.

வேதி_வாத்தியார்:

எழுத்துப்பிழையைத் திருத்தினேன். அவ்வளவுதான். அதற்குப் பெயர் கருத்தை மாற்றுவது அல்ல.

தொட்டிக்காரன்:

"அருகில்" என்ற சொல்லே இல்லாமல் போவது எழுத்துப்பிழையா? சரிதான்.

பாசிப்பயறு:

இரண்டு பேரும் எந்தப் பாசியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் நல்லது. பிபிஏ என்பது செம்பாசி இனம். ஒரு கொத்தைப் பிய்த்து ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள், பச்சை கரைந்து செந்நிறம் தெரியும். கண்ணாடியில் குத்துக் குத்தாகப் பச்சைப் புள்ளி வருவது வேறு, அது பாஸ்பேட் குறைந்தால்தான் அதிகம் வரும். மண்மேல் பாய்போல் படர்ந்து நாறுவது பாசியே அல்ல, அது பாக்டீரியா. மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

வாத்தியார் சார், உங்கள் தொட்டிக் கண்ணாடியில் பச்சைப் புள்ளி உண்டா இல்லையா?

கொளத்தூர்ப்பையன்:

ஸ்பிரிட்டைத் தொட்டியில் ஊற்றச் சொல்கிறீர்களா ப்ரோ? மீனுக்குப் போதை ஏறாதா?

பாசிப்பயறு:

தொட்டியில் இல்லை தம்பி. தனியாக ஒரு டம்ளரில்.

வேதி_வாத்தியார்:

புள்ளி எல்லோர் தொட்டியிலும் இருக்கும். பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினால் போகிற சமாச்சாரம். பேச்சை மாற்ற வேண்டாம். நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் 16-க்கு 1 என்ற ரெட்ஃபீல்டு விகிதம் தெரியாமல் உரம் போடுகிறவர்களோடு நான் என்ன பேச?

தொட்டிக்காரன்:

ரெட்ஃபீல்டு கணக்குப் போட்டது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்கு. என் வீட்டில் இருப்பது ரொட்டாலா என்ற தண்டுச்செடி. மெரினாவில் தொட்டி வைத்தால் சொல்கிறேன், வந்து விகிதம் பாருங்கள்.

சரி, பூஜ்யத்துக்கு வருவோம். உங்களுக்குப் பூஜ்யம் என்று சொன்னது எது? அந்த இரண்டு பாட்டில் டெஸ்ட் கிட்தானே? அதில் பூஜ்யத்துக்கு ஒரு மஞ்சள், 0.25-க்கு அதைவிடக் கொஞ்சம் பச்சையான மஞ்சள். ராத்திரி ஒன்பது மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்து "பூஜ்யம்" என்று எழுதி வைத்துக்கொண்டு, பதினோரு வருடமாக ஊருக்கு உபதேசம். நீங்கள் போடும் மீன் தீவனத்தில் பாஸ்பரஸ் இல்லையா? உண்மையிலேயே பூஜ்யமாக இருந்தால் உங்கள் செடி எப்போதோ செத்திருக்கும். உங்களுக்குப் பிபிஏ வராததற்குக் காரணம் ஆறு மணி நேர மங்கல் வெளிச்சம். குருணை சும்மா ஊறிக்கொண்டிருக்கிறது.

வேதி_வாத்தியார்:

அப்படியானால் உங்களுக்கு வராததற்குக் காரணம் சிலிண்டரில் இருந்து சீராக வரும் கார்பன் டை ஆக்ஸைடு. 0-52-34 சும்மா கரைந்துகொண்டிருக்கிறது.

தொட்டிக்காரன்:

நானும் அதைத்தானே சொல்கிறேன்! பாஸ்பேட் காரணமில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். எல்லோரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி திருத்திவிடுவார்.

வேதி_வாத்தியார்:

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மதுரைமீனாள்:

அண்ணன்களே, பாஸ்பேட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். பிபிஏ-க்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு அடிக்கச் சொல்லி இங்கேதான் ஒருவர் எழுதியிருந்தார். லிட்டருக்கு 1 மில்லி. நானும் 60 லிட்டர் தொட்டிக்கு 60 மில்லி, ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் பாசிமேலேயே அடித்தேன். தாடி நுரைத்தது, இரண்டாம் நாள் ரோஜா நிறமாகி உதிர்ந்தது. அதற்கு முன்னால் அன்றைக்கு ராத்திரியே என் இறால் பதினான்கும் போய்விட்டன. அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கணக்கு 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் கிடைப்பது 6 சதவீதம். இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறேன். எழுதியவர் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தொட்டிக்காரன்:

எழுதியது நான்தான். சதவீதம் பார்த்து ஊற்ற வேண்டும் என்பது பொது அறிவு மேடம்.

மதுரைமீனாள்:

0.14 கிராமுக்கு நகைத் தராசு வரைக்கும் விளக்குகிறவருக்கு, 3 சதவீதம் என்று எழுத மட்டும் கை வலித்ததா? பதினான்கு இறால்.

கொளத்தூர்ப்பையன்:

எதற்கு இவ்வளவு கெமிக்கல்? எஸ்ஏஇ, அதாவது சயாமீஸ் ஆல்கி ஈட்டர் என்ற பாசி தின்னும் மீன் நாலு விட்டால் பிபிஏ-வை மேய்ந்துவிடும். நான் போன மாதம் எங்கள் ஏரியா கடையில் வாங்கி விட்டேன்.

பாசிப்பயறு:

மேய்ந்ததா?

கொளத்தூர்ப்பையன்:

இன்னும் இல்லை. தீவனம்தான் தின்கிறது. பக்கத்து மீனைத் துரத்துகிறது.

பாசிப்பயறு:

கறுப்புப் பட்டைக்கு மேலே பொன்னிறக் கோடு ஓடுகிறதா? துடுப்பில் நிறம் இருக்கிறதா? இருந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்ற வேறு மீன். எஸ்ஏஇ-க்குத் துடுப்பு கண்ணாடி மாதிரி இருக்கும், கறுப்புப் பட்டை வால் நுனி வரை போகும்.

கொளத்தூர்ப்பையன்:

பொன்னிறக் கோடு இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்றுதான் வாங்கினேன்.

தொட்டிக்காரன்:

மீன் பஞ்சாயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். வாத்தியார் "பூஜ்யம்" என்றாரா, "பூஜ்யத்துக்கு அருகில்" என்றாரா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாள் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான்கு வருடம் முன்பு செடி மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் இதே வாத்தியார் எனக்கு ஒரு அனுபியாஸ் கொடுத்தார். கல்லில் நூல் சுற்றிக் கட்டியது. அந்த நூலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கொத்து. "அது வேர்" என்றார். நம்பி விட்டேன். மூன்றே மாதத்தில் ஃபில்டர் வாய், கட்டை, கல், இலை ஓரம் என்று எங்கு பார்த்தாலும் தாடி. அப்போது கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில்தான் வைத்திருந்தேன். முதல் நாள் பொங்கும், ஆறாம் நாள் தூங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் அது கொண்டாடிவிட்டது. சிலிண்டர் வாங்கி, டைமர் வைத்து, விளக்குக்கு இரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிட்டு ஒழிப்பதற்குள் ஒரு வருடம் போயிற்று. இவர் தொட்டியில் 11 வருடமாகச் சுத்தமாம்!

வேதி_வாத்தியார்:

அது வேர்தான்.

தொட்டிக்காரன்:

வேர் ஸ்பிரிட்டில் சிவக்காது சார்.

வேதி_வாத்தியார்:

அந்த அனுபியாஸுக்குப் பதிலாக நீங்கள் கொடுத்த மூன்று ரொட்டாலா தண்டும் ஒரே வாரத்தில் அழுகியதை நான் என்றைக்காவது சொன்னேனா? தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் உங்கள் டிராப் செக்கரில் 4 டிகிரி காரத்தன்மைக் கரைசலுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, "நீலமாகவே இருக்கிறதே, வாயு போதவில்லை" என்று வாயுவைக் கூட்டி மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்த கதையும் எனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

தொட்டிக்காரன்:

அது முதல் வாரம். கற்றுக்கொண்டிருந்தேன். மூன்று மீன்தான் போனது. டிராப் செக்கர் கதையை நம்பி உங்களிடம் மட்டும்தான் சொன்னேன், அதையும் சபைக்கு இழுத்துவிட்டீர்கள்.

மதுரைமீனாள்:

பதினான்கு இறால்.

பாசிப்பயறு:

நேற்று உதவி கேட்ட தம்பி சிலிண்டரா, பாட்டிலா, விளக்கு எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டீர்களா?

தொட்டிக்காரன்:

அவர் நேற்றே ஃபில்டருக்குக் குருணை ஆர்டர் போட்டுவிட்டார். காரணம், "பூஜ்யமாக்குங்கள்" என்று படித்தது. "அருகில்" என்ற சொல் அப்போது அங்கே இல்லை.

வேதி_வாத்தியார்:

இருந்தது.

தொட்டிக்காரன்:

சரி, நாளை பகல் வெளிச்சத்தில் டெஸ்ட் கிட் குழாயை வெள்ளைத் தாள்மேல் நிறுத்திப் படம் போடுங்கள். மஞ்சளா, பச்சை மஞ்சளா, எல்லோரும் பார்ப்போம்.

வேதி_வாத்தியார்:

போடுகிறேன். நீங்கள் அந்த நூலைப் போடுங்கள்.