அணி இலக்கணம் உங்களுக்கு எப்போ மண்டைல ஏறுச்சு? அனுபவம் இருந்தா சொல்லுங்க

கடைசிபெஞ்ச்:
பத்தாவதுல "இக்குறளில் பயின்று வரும் அணியைச் சுட்டி விளக்குக"ன்னு கேள்வி வந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துடும். இலக்கணம் எல்லாம் தலைகீழா ஒப்பிப்பேன், குறளைக் கண்ணால பாத்தா மட்டும் எது எந்த அணின்னு தெரியாது. ஒரு டெஸ்ட்ல "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்" (மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏத்துனா வண்டி அச்சு முறிஞ்சிடும்) வந்துச்சு, 'போல'வக் காணோம், அப்போ எடுத்துக்காட்டு உவமை தான்னு தைரியமா எழுதி முட்டை வாங்குனேன்.

டியூஷன் அக்கா தான் பேப்பர வாங்கி பக்கத்துலயே "அகர முதல எழுத்தெல்லாம்" குறளை எழுதுனாங்க. "இதுல எழுத்து இருக்கு, உலகும் இருக்கு, நடுவுல 'போல' மாதிரி ஒப்பிட்டுக் காட்டுற உருபு மட்டும் தான இல்ல? இப்போ உன் வண்டிக் குறளப் பாரு, வண்டி, மயிலிறகு, அச்சு, இத விட்டா வேற என்ன இருக்கு? ராஜா எங்க, எதிரி எங்க?"ன்னு கேட்டாங்க. தேடுறேன் தேடுறேன், இல்லவே இல்ல. அது வலியறிதல் அதிகாரம், சின்னச் சின்ன பகைவங்க கூட ஒண்ணா சேந்தா பலசாலியும் முறிஞ்சிடுவான்னு சொல்ல வந்தவரு வண்டியப் பத்தி மட்டும் பேசிட்டு நிறுத்திக்கிட்டாரு. உருபக் கழட்டுனா எடுத்துக்காட்டு உவமை, பொருளையும் சேத்துக் கழட்டுனா பிறிது மொழிதல், அவ்ளோ தான்டான்னாங்க.

இதுல கூத்து என்னன்னா எங்கம்மா இத தினமும் பண்றாங்க. வேலைக்கு அப்ளிகேஷன் போடாம நாள் கடத்திட்டு இருந்தப்ப என்னைப் பாக்காமலே "பழுத்தத பறிக்காம வெச்சிருந்தா அணில் தான் தின்னும்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. அணிலும் பழமும் தான் இருக்கு, நான் எங்கயுமே இல்ல, ஆனா சுருக்குன்னு குத்துச்சு.

மைக்கறை:
எனக்கு உவமைக்கும் உருவகத்துக்குமே தகராறு. மலர்க்கைன்னா (மலர் போல கை) உவமை, கைமலர்னா (கையே மலர்) உருவகம், இத யாராவது முன்னாடியே திருப்பிப் போட்டுக் காட்டியிருந்தா ஒரு வருஷம் மிச்சம்.

வகுப்பறைவாசி:
நான் சொல்லிக்குடுக்குற பக்கம். தற்குறிப்பேற்றம் (இயல்பா நடக்குறது மேல கவிஞர் தன் கருத்த ஏத்திச் சொல்றது) நடத்தும்போது, மதுரைக் கோட்டைக் கொடி காத்துல ஆடுறத கோவலனையும் கண்ணகியையும் "வராதீங்க"ன்னு கை காட்டி தடுக்குற மாதிரி இளங்கோ சொல்றாருல்ல, அத சொன்னேன், யாருக்கும் ஒண்ணும் ஓடல. அப்போ ஒரு பையன்கிட்ட "நேத்து படிச்சியா"ன்னு கேட்டா, மூலையில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிட்டு இருந்த டேபிள் ஃபேனக் காட்டி "மிஸ், அதுவே இல்ல இல்லன்னு தலையாட்டுது பாருங்க"ங்கறான். ஃபேன் திரும்புறது இயல்பு, தலையாட்டுதுன்னு ஏத்துனது அவன். இப்பல்லாம் நான் ஃபேன்ல ஆரம்பிச்சு தான் கொடிக்குப் போறேன்.

சந்தேகப்பேர்வழி:
கடைசிபெஞ்ச், 'போல' இல்லன்னா உருபே இல்லன்னு பசங்க நம்பிடப் போறாங்க. "அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று", இங்க கடைசியில ஒட்டிக்கிட்டு நிக்குற 'அற்று' தான் உருபு. நான் அதுல தான் வழுக்குனேன். என் பொண்ணு இன்னும் மேல, இத இல்பொருள் உவமை (உலகத்துல இல்லாதத உவமையா சொல்றது)ன்னு சொன்னதுக்கு "மரம் தளிர்க்குமே, அப்புறம் எப்படி இல்லாத பொருள்?"னு சண்டைக்கு வந்தா. பாறை மாதிரி காஞ்ச நிலத்துல பட்டுப்போன மரம்மா, அது எங்க தளிர்க்கும்னு சொன்னதுக்கப்புறம் தான் விட்டா. கேள்வி நல்ல கேள்வி தான், புக்குல ரெண்டு வரியில தாண்டிப் போயிடுறாங்க.

மைக்கறை:
கடைசிபெஞ்ச், அந்த அப்ளிகேஷன் என்னாச்சு?

கடைசிபெஞ்ச்:
அணில் தின்னுடுச்சு.