கிர்கெனெஸ் – வாட்சோ: கால் மணி நேரப் பறப்பு, சாமத்தில் வீடு

வராங்கர்_பெடியன்
நோர்வேயின் வடகிழக்கு மூலையில், கிர்கெனெஸில் இருந்து எங்கள் ஊர் வாட்சோவுக்கு ஓடுபாதைக்கு ஓடுபாதை 38 கிலோமீட்டர், நடுவில் வராங்கர் ஃபியோர்டு என்ற நிலத்துக்குள் நீளும் கடல் மட்டும்தான். சனவரி மாதம், பின்னேரம், டாஷ் 8 என்ற 39 இருக்கைச் சின்ன விமானம். ஜாக்கெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. யன்னலால் பார்த்தால் வாட்சோ. மீன் தொழிற்சாலை விளக்குகள், தீவுக்குப் போகும் பாலம், எல்லாம் தெரிகிறது. சக்கரம் இறங்கிய சத்தமும் கேட்டது. திடீரென்று பக்கக்காற்று ஒரு உலுக்கு உலுக்க, இஞ்சின் உறுமி, விமானம் மேலே ஏறிவிட்டது. திரும்பக் கிர்கெனெஸ். போனைப் போட்டதும் மனைவியின் மெசேஜ்: "உங்கட பிளேனைக் கண்டனான். எங்க போறியள்?" பிறகு பஸ்ஸில் ஃபியோர்டைச் சுற்றி வந்து சேரச் சாமம்.

கணக்கன்
ஓடுபாதையில் யாரும் குடியிருப்பதில்லை, தம்பி. கிர்கெனெஸ் விமான நிலையம் ஊரைவிட்டு வெளியே இருக்கிறது. ஃபியோர்டின் உள்முனையில் உள்ள வராங்கர்பொத்ன் ஊரைச் சுற்றி ரோட்டால் போனால் 170 கிலோமீட்டர் அளவில், இரண்டரை மணி நேரம். செக்கின், காத்திருப்பு எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் ஏன் பறக்க வேண்டும்?

வார்டோக்காரி
கணக்கன், பனிப்புயலில் ரோட்டை மூடும் நாளில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் பார்ப்போம். 38 கிலோமீட்டருக்கே இவ்வளவு கதையா? ட்ரொம்சோவில் இருந்து வாட்சோ 420 கிலோமீட்டர் அளவு, நேராகப் பறந்தால் ஒரு மணி நேரம் அளவுதான். எனக்குக் கிடைத்தது ஹாமர்ஃபெஸ்ட், மெஹாம்ன், பெர்லெவோக், போட்ஸ்ஃபியோர்ட் என்று ஒவ்வொரு ஊராகக் குந்தி எழும்பும் விமானம், மினிபஸ் மாதிரி. ஒரு நிறுத்தத்தில் ஒரேயொருவர் இறங்கினார், யாரும் ஏறவில்லை. பக்கத்துச் சீட்டு நோர்வேஜிய அம்மா ஹாமர்ஃபெஸ்டில் ஒரு கம்பளித் தொப்பி பின்னத் தொடங்கினார். ஓடுபாதை அவ்வளவு கட்டை, ஒவ்வொரு முறையும் பிரேக் போட நாங்கள் முன்னுக்குப் போகிறோம், அவர் ஒரு தையலும் விடவில்லை. போட்ஸ்ஃபியோர்டில் தொப்பியைத் தலையில் போட்டுப் பார்த்து, "அளவு சரியா?" என்று என்னிடம் கேட்கிறார்.

பயண_அண்ணை
நானும் ஒருமுறை போட்ஸ்ஃபியோர்டில் இரவு தங்கினேன், அது பெரிய கதையில்லை. எல்லோரும் கவனியுங்கள். முழுப் பயணத்தையும் ஒரே புக்கிங்கில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் தவறவிட்ட அடுத்த விமானம் உங்கள் பாடு. காலநிலை காரணம் என்றால் நட்டஈடு கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தேவைப்பட்டால் ஹோட்டல், மாற்றுப் பயணம் இவற்றை விமான நிறுவனம்தான் தர வேண்டும். கையால் செலவழித்தால் ரசீதை வைத்திருங்கள். ஆஸ்பத்திரி அப்பாயிண்ட்மெண்ட் என்றால் முதல்நாளே வெளிக்கிடுங்கள். குளிர் உடுப்பும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி எந்த ஊரில் இறங்கும் என்று சொல்ல முடியாது. இவ்வளவு சிரமம் ஏன், தம்பி பேசாமல் கரையோரக் கப்பலில் வந்திருக்கலாமே.

வராங்கர்_பெடியன்
அண்ணை, அந்தக் கப்பல் வாட்சோவில் இருந்து கிர்கெனெஸுக்குப் போகும். திரும்பும்போது வாட்சோவில் நிற்காது, நேரே வார்டோ என்ற வேறு ஊருக்குத்தான். நான் வந்தது கிர்கெனெஸில் இருந்து. அதோடு, நான் ஆலோசனை கேட்கவேயில்லை.