வாரக்கடைசியில் ஊர் சுற்றப் போன இடத்தில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை: ஜெர்மனியில் படித்தவர்கள் ஒவ்வொருவராக எழுதியது

கொழிஞ்சாம்பாறை மெக்கானிக்கல்

ஜெர்மனியின் ஆகன் நகரில் படித்தவர்களுக்கு, ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து சேரும் அந்த மூன்று நாட்டு எல்லைக்கல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வால்ஸ் என்ற நெதர்லாந்து ஊர் வரை பஸ், அப்புறம் மரங்களுக்கு நடுவே ஏற்றம். 322 மீட்டர்தான், ஆனால் நெதர்லாந்துக்காரர்களுக்கு அதுதான் மலை. 2017 நவம்பர், ஒரு ஞாயிறு, எனக்கு முதல் செமஸ்டர். அன்று இரவு 11:59க்குள் ஃபைனைட் எலிமென்ட் (ஒரு பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அதில் ஏறும் அழுத்தத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) அசைன்மென்ட் ஏற்ற வேண்டும். குழுவில் மூன்று பேர். என் பங்கை முடித்துவிட்ட தைரியத்தில் மதியம் கிளம்பிவிட்டேன்.

எனக்கு எல்லை என்றால் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்தான். லாரி வரிசை, டீக்கடை, இந்தப் பக்கம் ஒரு போர்டு, அந்தப் பக்கம் ஒரு போர்டு. இந்த மலையிலோ வெறும் கல். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். வீடு கேரளா, பேசுவது தமிழ், அம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி அருகே என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "அப்படியானால் உங்கள் ஊரில் எதைக் கடத்துவார்கள்?" என்று உடனே கேட்டார்.

அரிசி என்றேன். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அந்தக் காலத்தில் பாவாடை மடிப்புக்குள் பை தைத்து அரிசி கொண்டுவந்தவர், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அவர் என் ஜாக்கெட்டின் ஓரத்தைப் பிடித்தார். உள்துணியை இரண்டு விரலால் திருப்பி, தையலைத் தடவிக் காட்டி, "என் அம்மா இங்கே தைப்பார், காப்பிக்கொட்டைக்கு" என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் காப்பிக்குக் கடும் வரி. பெல்ஜியத்திலிருந்து காட்டு வழியாகக் கடத்தியிருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளையும் அனுப்பியிருக்கிறார்கள். 1953இல் வரியைக் குறைத்த பிறகுதான் அடங்கியதாம். பிறகு சொன்னார்: "ஒரு நாள் இரவு என் அக்கா முன்னால் போனாள், நான் பின்னால்."

அப்போது என் போன் அடித்தது. குழுவில் இருந்த பெண். உள்மூலையில் மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளை, சிறிதாக்கச் சிறிதாக்க ஸ்ட்ரெஸ் (அழுத்தம்) ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவே இல்லை என்றாள். அந்த மூலையை வளைவாக்கும் ஃபில்லெட் வைக்காமல் மாடலை எளிமையாக்கியது நான்தான். கூர்மையான மூலை என்றால் அப்படித்தான் ஏறும். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி ஓடினேன். 11:40க்கு அசைன்மென்ட் ஏறியது. அந்த அக்காவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

குப்பத்துப் பவர் எலக்ட்ரானிக்ஸ்

அண்ணா, உங்களுக்காவது அசைன்மென்ட் ஏறியது. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

2019 பிப்ரவரி, மியூனிக். சனிக்கிழமை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போய் ஞாயிறு மாலை திரும்புகிறேன். செவ்வாய்க்கிழமை கன்ட்ரோல் தேர்வு. ரயிலில் போக வர நான்கு மணி நேரம் படிக்கலாம் என்பது என் கணக்கு, நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் பையில். ஜெர்மன் எல்லை ஸ்டேஷனான ஃபிரைலாசிங்கில் போலீஸ் ஏறுவார்கள் என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். 2015இலிருந்து ஆஸ்திரிய எல்லையில் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். விசா முடிந்திருந்தது, அதற்குப் பதிலாக வந்த வசிப்பு அனுமதி அட்டை என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை தேர்வு அறையில் அடையாளம் காட்ட எடுத்தேனே, அது கால்குலேட்டர் உறைக்குள்ளேயே நான் தங்கும் அறையில் இருந்தது.

இறங்கச் சொன்னார்கள், மரியாதையாகத்தான். பதற்றத்தில் கோட்டும் போனுமாக இறங்கிவிட்டேன். கதவு மூடி ரயில் நகர்ந்தபோதுதான் நிமிர்ந்தேன். மேல்தட்டில் என் நீலப் பை. ஜன்னல் ஜன்னலாக வண்டி போகிறது, அது மட்டும் எனக்குத் தெரிகிறது.

நாற்பது நிமிஷத்தில் கணினியில் சரிபார்த்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வண்டியில் வெறுங்கையோடு வந்தேன். பை மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது, அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. தேறினேன், மதிப்பெண் குறைவு. ஆனால் அரிப்பது மதிப்பெண் இல்லை. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா கிளம்பும்போது எழுதிக் கொடுத்தது இருக்கிறது. நாங்கள் ஆந்திராவில் உள்ள குப்பத்துக்காரர்கள், அப்பா படித்தது தெலுங்கு மீடியம். வீட்டில் பேசுவது தமிழ், எழுத வருவது தெலுங்கு எழுத்து மட்டும். "பயப்படாதே, நிதானமா எழுது" என்ற தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருப்பார். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் அதைத் திறந்து பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை.

எல்லைக்கல் ஆர்வலன்

கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு ஒரு சேதி. அந்தக் கல் இருக்கும் இடத்தில் முன்பு நான்கு எல்லைகள் சேர்ந்தன. மோரஸ்நெட் என்று யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம், 1816இல் பிரித்தது, துத்தநாகச் சுரங்கத்துக்காக வந்த சண்டை. முதல் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது. அதோடு, நீங்கள் இன்னும் கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கலாம். 11:40க்கு ஏற்றியதை 11:55க்கு ஏற்றியிருந்தால் என்ன?

சித்தூர் பழைய மாணவன்

மேலே சொன்னவருடன் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பேர் குழுவில் ஒருவன் மலை உச்சியில் கதை கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற இருவர் என்ன செய்வார்கள்? தம்பி இறங்கி ஓடியது சரி. குப்பத்துப் பெண்ணே, நீ தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் சால்ஸ்பர்க் போனதுதான் தவறு, அட்டையை மறந்தது இல்லை.

என் கதை சின்னது. நான் படித்தது 1995இல், ஸ்டுட்கார்ட் பக்கம். அந்த வருஷம்தான் வாரக்கடைசி டிக்கெட் என்று ஒன்று விட்டார்கள். 15 மார்க் (அப்போதைய ஜெர்மன் காசு), ஐந்து பேர் போகலாம், சாதா ரயில் மட்டும். ஆளுக்கு மூன்று மார்க். ஒரு சனிக்கிழமை அதிகாலை பிளாட்ஃபாரத்தில் எண்ணிப் பார்த்தால் ஆறு பேர். ஆறாவது ஆள் நகரிக்காரன், என் அறைத் தோழன். "எனக்குத் தெர்மோ கணக்கு பாக்கி இருக்குடா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கையில் பொட்டலம் கட்டிய புளிச்சோறு, ஆறு பேருக்கும் அவன் கிளறியது, அதை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனான். தெர்மோ கணக்கை அவன் வியாழக்கிழமையே முடித்திருந்தான். நான் அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

சரி, இப்போது படிக்கிற பிள்ளைகள் இதைக் கேளுங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் வரை உழைப்பு என்று கணக்கு. மொத்தம் 900 மணி. வகுப்பு நடப்பது 14, 15 வாரம்தான். எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடிக்கப் பார்த்தால் வாரத்துக்கு 60 மணி, மனிதனால் முடியாது. அதனால்தான் வகுப்பு முடிந்த பிறகு வரும் தேர்வுக்காலத்துக்குப் பாதி தள்ளிப்போகிறது. அதாவது ஊர் சுற்ற வேண்டுமானால் செமஸ்டரின் முதல் ஆறு வாரத்தில் சுற்றுங்கள். பயிற்சித்தாள் இரண்டு சேர்ந்து பாக்கி நின்றால் அந்த வாரம் டிக்கெட் எடுக்காதீர்கள். மே மாத வாக்கில் வியாழக்கிழமை விடுமுறை ஒன்று வரும், வெள்ளியைச் சேர்த்தால் நான்கு நாள். தூரப் பயணம் அப்போது. ஞாயிறு இரவுக் கடைசி வண்டியை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் திங்கள் காலை லேபுக்குப் பட்டினியாகப் போவீர்கள்.

2023 மே மாதம் மாதச் சீட்டு ஒன்று 49 யூரோவுக்கு வந்ததே, 2025இல் 58 ஆனது, அது வேக ரயிலில் செல்லாது. தெரியாமல் ஏறினால் அபராதம். மெதுவான வண்டியில்தான் போக முடியும் என்பதால் படிக்க நேரம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது. மூன்று முறை வண்டி மாற வேண்டும், உட்கார்ந்து சூத்திரம் மனப்பாடம் செய்யலாம், கணக்குப் போட முடியாது. தேர்விலிருந்து பெயரை விலக்கிக்கொள்ள கடைசித் தேதி இருக்கும், அதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போய்விடும். நிலத்தை அடகு வைத்துக் கல்விக் கடன் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் நம் பக்கத்தில் அதிகம். அது நினைவில் இருக்கட்டும்.

மறையூர் மலைக்காரி

ஐயா, உங்கள் அறிவுரையைவிட அந்த ஆறாவது ஆள்தான் என்னை உலுக்கிவிட்டார். நான் அந்த ஆறாவது ஆள். இரண்டு வருஷமும் "கணக்கு பாக்கி இருக்கு" என்று சொன்னவள். கணக்கு பாக்கி இருக்காது, காசுதான் இருக்காது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிய வங்கிக் கணக்கிலிருந்து அப்போது மாதம் 720 யூரோ வரும், வாடகையும் காப்பீடும் போக என்ன மிஞ்சும்? நிலத்தை அடகு வைத்ததை நீங்கள் நினைவுபடுத்த வேண்டியதில்லை ஐயா. எங்களுக்கு அடகு வைக்க நிலமும் இல்லை. அம்மா மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர், நாங்கள் லயன் வீட்டில் வளர்ந்தவர்கள்.

நான் ஊர் பார்த்தது வேலைக்குப் போன இடத்தில்தான். 2018 அக்டோபர், மோசல் ஆற்றங்கரை, திராட்சை அறுவடை. இரண்டு வாரக்கடைசி. வகுப்பு தொடங்கி முதல் வாரம், மெஷின் டிசைன் பயிற்சித்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், மதிய இடைவேளையில் தாங்கி (பேரிங்) கணக்குப் போட. அங்கே சில சரிவுகள் நம் தேயிலைச் சரிவைவிடச் செங்குத்து. பிரெம் ஊர்ப் பக்கம் கால்மோண்ட் என்று ஒன்று இருக்கிறது, ஐரோப்பாவிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. தண்டவாளம் போட்டுச் சின்ன வண்டியில் ஆளையும் கூடையையும் ஏற்றுகிறார்கள்.

என்னோடு வந்த மற்ற மாணவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டார்கள். நான் நின்றேன். கீழ்க்காலைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, மேல்முழங்காலை மண்ணில் லேசாக முட்டுக் கொடுத்து, இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிட்டேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ருமேனியாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, என் அம்மா வயது, பாஷை தெரியாது. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலைத் தட்டிக் காட்டினார். அவரும் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோ போட்டேன். ஆறு, படகு, சிவந்துபோன இலைகள் எல்லாவற்றையும் காட்டினேன். அம்மா எதையும் பார்க்கவில்லை. "முதுகுல கட்டியிருக்காங்களே அந்தக் கூடை, ரொம்பினா எத்தனை கிலோ? கிலோவுக்கு எவ்வளவு குடுக்கறாங்க? மழை பேஞ்சா கூலி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மணிக்கணக்கில் கூலி என்றேன். நம்பவில்லை. அந்த ருமேனியா அம்மாவிடம் போனைக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குப்பத்துப் பவர் எலக்ட்ரானிக்ஸ்

மறையூர் அக்கா, இதைப் படித்துவிட்டு அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கம் அப்படியே இருக்கிறது. சித்தூர் ஐயாவுக்கு: தேர்வுக்கு முன்னால் போனது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நகரி அண்ணனிடம் நீங்கள் பிறகு பேசினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

சித்தூர் பழைய மாணவன்

இல்லை அம்மா. ஞாயிறு இரவு திரும்பி வந்தபோது, அவன் புளிச்சோறு கிளறிய பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அவன் தூங்கியிருந்தான். மறுநாள் வகுப்பு. அவன் போன் எண்ணை இப்போதுதான் ஒரு நண்பரிடம் கேட்டிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மெக்கானிக்கல்

கால் மணி நேரம் இருந்திருக்கலாமே என்று கேட்டவருக்கு: இருந்திருக்கலாம். ஃபில்லெட் வைத்து மறுபடி ஓட்டிப் படம் எடுக்கத்தான் அத்தனை நேரம் ஆனது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் அந்த மலைக்குப் போனேன், அந்தப் பெஞ்சில் வேறு ஆட்கள். ஆகனுக்குத் தென்கிழக்கே ஷ்மிட் என்ற ஊர்ச் சர்ச்சைப் போரில் இடிந்த பிறகு காப்பிக் கடத்தல் காசில் கட்டினார்கள், அதற்கு செயின்ட் மோக்கா என்றே பட்டப்பெயர் உண்டு என்று கேள்விப்பட்டு அங்கேயும் ஒரு முறை போய்வந்தேன். அவரை அங்கே எங்கே தேடுவது?

அமுச்சிக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. இந்தக் கதையை முதல் செமஸ்டர் லீவில் வந்தபோதே சொன்னேன். அரிசி மாதிரியே காப்பியா என்று ரொம்ப நேரம் கேட்டார், ஜாக்கெட்டை வாங்கி உள்பக்கம் தடவிப் பார்த்தார், இந்தத் தையல் தாங்காது, இரட்டைத் தையல் போட்டிருப்பாங்க என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை நான் ஊருக்கு வரும்போதும், பையை இறக்கி வைப்பதற்குள் கேட்பார்: "ஏஞ்சாமி, அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு கேட்டியா?"