60 லட்சத்துக்குள் குடும்பத்துக்கு ஒரு வீடு: முடிச்சூரா, கூடுவாஞ்சேரியா, திருநின்றவூரா?

கேள்வி: வாடகைக் குடித்தனக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாகச் சென்னை ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, நான்காம் வகுப்பிலும் யு.கே.ஜி.யிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத என் அம்மா என ஐந்து பேர். எனக்குக் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை. மனைவி குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சேமிப்பு, நகையில் ஒரு பகுதி, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்தாலும் 60 லட்சத்துக்கு மேல் எங்களால் புரட்ட முடியாது.

ஆறு மாதம் அலைந்து மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். முடிச்சூரில் ஐந்து ஆண்டுப் பழைய அடுக்ககத்தின் தரைத்தளத்தில் 860 சதுர அடி வீட்டுக்கு 52 லட்சம் கேட்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் ரயில் நிலையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டரில் 600 சதுர அடி மனையில் புதிதாகக் கட்டிய கீழும் மேலுமான தனி வீட்டுக்கு 57 லட்சம். திருநின்றவூரில் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையோடு நல்ல வீடு 54 லட்சம். அம்மாவுக்கு முடிச்சூர் தரைத்தளம் வசதி, மனைவிக்குத் தனி வீட்டின் மேல் ஆசை, எனக்கோ திருநின்றவூரின் நிலப்பரப்பின் மேல் கண். எதை முதலில் எடைபோடுவது என்று அங்கே வாழ்கிறவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: முடிச்சூர்வாசி

தம்பி, நான் 2009 முதல் முடிச்சூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். என் பிள்ளைகள் வளர்ந்த ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அம்மாவுக்காகத் தரைத்தளம் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. இரவு பத்து மணிக்கு எங்கள் வாசற்படியை நனைத்த தண்ணீர் விடிவதற்குள் சமையல் மேடையைத் தொட்டுவிட்டது. அரிசி டிரம் மிதந்துபோய்ப் பின்கதவை அடைத்துக்கொண்டதால் அந்த வழியாக வெளியே வர முடியவில்லை. நடக்க முடியாத என் மாமியாரை, எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித் தங்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. அதற்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினார்கள், வடிகால்கள் கட்டினார்கள், நிலைமை முன்பைவிட மேம்பட்டிருப்பதும் உண்மைதான். இருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு மறுபடியும் படகு வரவேண்டியதாயிற்று.

முடிச்சூர் முழுவதும் மூழ்கும் ஊர் என்று நான் சொல்லவில்லை. மேட்டுத் தெருக்களும் இருக்கின்றன. வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்தத் தெருவில் மின் மீட்டர் பெட்டியை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் மோட்டாரைத் தரையில் வைத்திருக்கிறார்களா, மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெள்ளத்தைக் கண்டவர்கள் முதலில் மாற்றுவது இந்த இரண்டையும்தான். தெருவைவிட வீட்டின் தரை எத்தனை படி உயரம் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுக்கொண்டே போவதால், கட்டியபோது மூன்று படி உயரத்தில் இருந்த எங்கள் வீடு இப்போது ஒரே படி உயரத்தில் நிற்கிறது. தரகரிடம் எதுவும் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் பால் போடுகிறவரிடமும் கேளுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நில அளவர்

மேலே எழுதிய அம்மையார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: முடிச்சூர் வேண்டாம், கூடுவாஞ்சேரி பாதுகாப்பு என்று ஊர்ப்பெயரை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் ஆகிய ஏரிகளின் உபரிநீரெல்லாம் ஒன்றுகூடித்தான் அடையாறாக முடிச்சூர்ப் பக்கம் வருகிறது. ஆகவே முடிச்சூரில் தேங்கும் தண்ணீரில் ஒரு பகுதி கூடுவாஞ்சேரியைக் கடந்து வந்த தண்ணீர்தான், அந்த ஏரிகளின் உபரிநீர் வழியும் கலங்கலுக்கும் கால்வாய்க்கும் பக்கத்தில் மனை போட்டிருந்தால் அங்கும் அதே கதைதான். திருநின்றவூரிலும் ஏரியை ஒட்டிய தெருக்கள் வேறு, ரயிலடியை ஒட்டிய தெருக்கள் வேறு.

இதை அறிய வழி இருக்கிறது. சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, அரசின் இணைய சேவையில் பட்டாவையும், நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டையும், எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படத்தையும் எடுங்கள். உங்கள் மனையின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, நான்கு பக்கமும் உள்ள எண்களையும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரியின் நீர்பிடிப் பரப்பு) என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் வந்தால், இன்று அங்கே சிமென்ட் சாலை இருந்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய தடத்தைத் தேடி வரும். நாற்பது ஆண்டுகள் வயலிலும் கரையிலும் சங்கிலி பிடித்து அளந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதை இதற்குச் சான்றாக நினைக்காதீர்கள், வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது உரிமையைத்தான், மேடு பள்ளத்தை அல்ல.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள், தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். தனி வீட்டு மனைக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அல்லது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்பது முக்கியம். அங்கீகாரமில்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20க்கு முன்பு பத்திரப்பதிவு ஆகி, 2017இல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அடுக்ககம் என்றால் பிரிபடாத மனைப்பங்கு, அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். கட்டடம் பழசாகும், கடைசியில் கையில் நிற்பது அந்தப் பங்குதான்.

இனிக் கணக்கு. தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 57 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 5 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய், கூடுவாஞ்சேரி வீடு அங்கேயே உங்கள் 60 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. முடிச்சூர் வீடு மறுவிற்பனை என்பதால் அதற்கும் 9 சதவீதம்தான். கட்டுநரிடமிருந்து முதன்முறையாக வாங்கும் அடுக்கக வீட்டுக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனில் வங்கி மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தராது என்பதையும், பதிவுச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆகவே வீட்டின் விலை 54 லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கூடுவாஞ்சேரி சீசன் டிக்கெட்

ஒன்பது ஆண்டுகளாகக் கூடுவாஞ்சேரியிலிருந்து சைதாப்பேட்டைக்கு ரயிலில் போய்வருகிறேன். பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திருநின்றவூரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ஊர் நல்ல ஊர், மனை விலையும் நியாயம், ஆனால் நீங்கள் இருவரும் போக வேண்டியது தாம்பரம் தடத்துக்கு. சென்ட்ரல் வரை வந்து, இறங்கி நடந்து, சென்னை பூங்கா நிலையத்தில் அடுத்த ரயிலைப் பிடித்து உங்கள் மனைவி குரோம்பேட்டை போய்ச் சேர ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆசிரியைக்கு யு.கே.ஜி. பிள்ளையைத் தலைவாரிவிட எப்போது நேரம் இருக்கும்?

கூடுவாஞ்சேரியிலிருந்து இருவருக்கும் ஒரே ரயில், இறங்கி மாற வேண்டாம். ஆனால் தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயில்கள்தான் அதிகம், செங்கல்பட்டு வரை வருபவை குறைவு. மாலையில் ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் நெடுநேரம் நிற்க வேண்டும். நீங்கள் பார்த்த வீடு நிலையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் என்றால் இரவு எட்டரைக்கு மேல் ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா என்று ஒரு வேலைநாளில் போய் நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர்ப் பயணம் எங்களுக்கு எளிதாகிவிட்டது, ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் ஜி.எஸ்.டி. சாலையில் ஆம்புலன்ஸ்கூட ஊர்ந்துதான் போகும். அம்மாவின் வயதை வைத்து இதையும் யோசியுங்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: தரைத்தளம் வேண்டும் என்பதை லிஃப்ட் உள்ள முதல் மாடி வேண்டும் என்று மாற்றிக்கொண்டு தேடுங்கள். தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பெருங்களத்தூரில், நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண்டான அடுக்ககங்கள் உங்கள் விலைக்குள் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு முடிச்சூருக்கு மீண்டும் போனோம். மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், நான்கு திருகாணித் துளைகளைச் சிமென்டால் அடைத்து வெள்ளை அடித்திருந்தார்கள். இதற்கு முன் இரண்டு முறை அதே சுவர் அருகே நின்று விலை பேசியிருக்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

கூடுவாஞ்சேரி வீட்டின் புலப்படத்தையும் எடுத்தேன். இரண்டு மனை தள்ளி ஓடை என்று தெளிவாகக் கோடு போட்டிருக்கிறது. மனைவிக்கு வருத்தம்தான், ஆனால் பதிவுச் செலவோடு கூட்டிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

இப்போது பெருங்களத்தூரில் இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். இரண்டிலும் லிஃப்ட் இருக்கிறது, ஒன்றில் மனைப்பங்கு 410 சதுர அடி. உடனே முன்பணம் கொடுக்கப் போவதில்லை. ஐப்பசிக்கு முன்பாக அதே தெருவில் வாடகைக்குக் குடிவந்து, கார்த்திகை மழையை அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, தையில் விலை பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெரியவனை மட்டும் இந்தக் கல்வி ஆண்டு முடியும்வரை நானே காலையில் ரயிலில் பழைய பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். நில அளவர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: 2013இல் கட்டிய அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தில் மூன்று தளம்தான் இருக்கிறது, நேரில் நான்கு இருக்கிறது. முதல் மாடி வாங்குகிறவனையும் அது பாதிக்குமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற நில அளவர்

பாதிக்கும். கூடுதல் தளம் யாருடையதாக இருந்தாலும் மனைப்பங்கைப் பிரித்த கணக்கு அங்கே இடிக்கும், நாளை விற்கும்போது உங்களிடம் வாங்க வருகிறவரின் வங்கியும் இதே கேள்வியைக் கேட்கும். எல்லாத் தளத்துப் பத்திரங்களிலும் உள்ள மனைப்பங்கைக் கூட்டிப் பாருங்கள். அது மொத்த மனையின் அளவைத் தாண்டினால் அந்த வீட்டை விட்டுவிட்டு இரண்டாவதைப் பாருங்கள்.